எழுதப்படாத உயிர்கள்: இருள மொழியின் ஒலியமைப்பும் எழுத்துப்பெயர்ப்பும்

1. முன்னுரை

எழுத்து வழக்கு இல்லாத மொழியொன்றை அண்டை மொழியின் எழுத்தில் பதிவு செய்யும்போது கேட்ட ஒலி எழுதப்படுகிறதா, அல்லது எழுத்து இடம்தரும் ஒலி மட்டுமே கேட்கப்படுகிறதா என்னும் வினா தவிர்க்க இயலாதது. கேரள மாநிலத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழக எல்லையை ஒட்டி வாழும் பழங்குடி மக்களின் மொழிகளைப் பற்றிய எழுத்துகளில் இவ்வினா போதிய கவனம் பெறவில்லை. இம்மொழிகள் சில இடங்களில் தமிழின் கிளைமொழிகள் என்றும், சில இடங்களில் மலையாளத்தின் கிளைமொழிகள் என்றும், சில இடங்களில் தனிமொழிகள் என்றும் கூறப்படுகின்றன. இம்முடிவுகளுக்கு அடிப்படையாகக் காட்டப்படும் சான்றுகள் பெரும்பாலும் எழுதப்பட்ட சொற்கள். அச்சொற்கள் எவ்வாறு எழுதப்பட்டன என்பது அரிதாகவே ஆராயப்படுகிறது.

அட்டப்பாடியிலும் நீலகிரியிலும் பேசப்படும் இருள மொழியை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை இச்சிக்கலை ஆராய்கிறது. இருள மொழியைத் தமிழினின்றும் மலையாளத்தினின்றும் வேறுபடுத்தும் தலையாய ஒலிக்கூறு அதன் நடுவுயிர்கள். தமிழ் எழுத்திலும் மலையாள எழுத்திலும் இவ்வுயிர்களுக்குத் தனிக்குறி இல்லை. எனவே இவ்வெழுத்துகளில் எழுதப்பட்ட இருளச் சொல், எழுதப்பட்ட அளவிலேயே தமிழாகவோ மலையாளமாகவோ தோற்றம் கொள்கிறது. அத்தோற்றத்தைக் கொண்டு அம்மொழியின் உறவைத் தீர்மானிப்பது, முடிவை முன்னரே சான்றுக்குள் வைத்துவிட்டுப் பின்னர் அதனைக் கண்டெடுப்பதை ஒக்கும்.

2. நிலமும் மக்களும்

அட்டப்பாடி, பாலக்காடு மாவட்டத்தின் வடகிழக்கில் நீலகிரி, கோயம்புத்தூர் மாவட்டங்களை ஒட்டி அமைந்த மலைப்பகுதி. பவானி, சிறுவாணி ஆறுகள் இதனூடே பாய்கின்றன. அகளி, புதூர், சோலையூர் ஆகிய மூன்று ஊராட்சிகள் இதில் அடங்கும். இருளர், முடுகர், குறும்பர் ஆகிய மூன்று பழங்குடியினர் இங்கு வாழ்கின்றனர். இவர்களுள் இருளரே எண்ணிக்கையில் மிக்கவர். மூன்று குழுவினரும் தமக்குள் வேறுபட்ட பேச்சுகளை உடையவர்கள். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை இப்பகுதி மலபார் மாவட்டத்தின் பகுதியாகச் சென்னை மாநிலத்தில் இருந்தது. அதன் பின்னர் கேரளத்தைச் சேர்ந்தது.

இடுக்கி மாவட்டம் 1972இல் உருவாக்கப்பட்டது. அதன் கிழக்கு எல்லை நெடுக முதுவர், மன்னான், பளியர், மலைப்புலையர் முதலிய குழுவினர் வாழ்கின்றனர். மதுரைப் பகுதியிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது முதுவரிடையே வழங்கும் மரபு. 2010இல் அமைக்கப்பட்ட இடமலைக்குடி, கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி. முதுவர் குடியிருப்புகளே அதில் உள்ளன. மாநில மறுசீரமைப்புக் காலத்தில் தேவிகுளம், பீருமேடு வட்டங்கள் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு போராடியது. எனவே இம்மலைகளில் 'இது தமிழ்', 'இது மலையாளம்' என்று ஒரு பேச்சைக் குறிப்பது மொழியியல் கூற்றாக மட்டும் நின்றதில்லை; நிலத்தைப் பற்றிய கூற்றாகவும் கொள்ளப்பட்டது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருளர் என்னும் பழங்குடியினர் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 1,90,000 பேரும் கேரளத்தில் ஏறத்தாழ 24,000 பேரும் உள்ளனர். அதே கணக்கெடுப்பில் இருள மொழியைத் தாய்மொழியாகக் குறிப்பிட்டவர்கள் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 12,000 பேர் மட்டுமே. தமிழகத்தின் வடமாவட்டங்களில் வாழும் இருளருள் பலர் தமிழையே பேசுகின்றனர் என்பது இவ்வேறுபாட்டிற்கு ஒரு காரணம். மற்றொரு காரணமும் கருதத்தக்கது. தம் பேச்சு தனிமொழியாக மதிக்கப்படாத சூழலில் வளர்ந்தவர், கணக்கெடுப்பாளர் கேட்கும்போது தமிழ் என்றோ மலையாளம் என்றோ கூறிவிடுவது இயல்பு. மேலும் அந்த 12,000 பேரின் மொழியும் கணக்கெடுப்பு அட்டவணையில் தமிழ் என்னும் தலைப்பின்கீழ் ஒரு தாய்மொழியாகவே வைக்கப்பட்டுள்ளது. ஆனால் அட்டப்பாடியில் அம்மொழியைப் பேசும் குழந்தை பள்ளியில் கற்பது மலையாளம். கணக்கில் தமிழ், கல்வியில் மலையாளம், வீட்டில் இருளம் என்பதே அக்குழந்தையின் மொழிநிலை.

3. வகைப்பாட்டின் வரலாறு

கிரியர்சனின் இந்திய மொழிகளின் அளவாய்வில் திராவிட மொழிகளைப் பற்றிய நான்காம் தொகுதி 1906இல் வெளிவந்தது. அதில் இருளம் தமிழின் சிறு கிளைமொழிகளுள் ஒன்றாகக் குறிக்கப்பெற்றது. ஆயின் சென்னை மாகாணமும் திருவிதாங்கூர், கொச்சி அரசுகளும் அவ்வளவாய்வின் எல்லைக்கு வெளியே இருந்தன. நேரடிக் களப்பணி இல்லாமல் அமைந்த அவ்வகைப்பாடு, பிற்காலத்தில் மீளாய்வுக்கு உட்படாமலேயே பல நூல்களில் எடுத்தாளப்பட்டது.

இருளம் பற்றிய மொழியியல் ஆய்வு 1960களிலேயே உறுதியான நிலையை அடைந்தது. ஜெரார் டிஃப்லோத் 1968இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்திற்கு அளித்த முனைவர்ப் பட்ட ஆய்வேடு, தலைப்பிலேயே இருளத்தைத் தமிழுக்கு நெருங்கிய உறவுடைய மொழி எனக் குறித்தது. கமில் சுவெலபில் 1973, 1979, 1982 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளியிட்ட நூல், நீலகிரி இருளத்தின் ஒலியமைப்பையும் இலக்கணத்தையும் வாய்மொழிப் பனுவல்களையும் விரிவாகத் தந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வழியாக இரா. பெரியாழ்வாரின் ஒலியனியல் விளக்கமும் சொற்பட்டியலும் 1970களின் இறுதியில் வெளிவந்தன. இவ்வாய்வுகளுக்குப் பின் இருளம் தென்திராவிடத்தைச் சேர்ந்த தனிமொழி என்னும் கருத்து மொழியியலாரிடையே பரவலாக ஏற்கப்பட்டது. எனினும் கணக்கெடுப்பின் தலைப்பும் பொதுமக்கள் வழக்கும் மாறவில்லை. அறிஞர் முடிவு பொதுவழக்கைச் சென்றடையாமைக்கு எழுத்து முறையும் ஒரு காரணம் என்பதைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

4. நடுவுயிர்கள் தோன்றும் முறை

நாவின் முன்பகுதியோ பின்பகுதியோ உயராமல் நடுப்பகுதி செயற்படப் பிறக்கும் உயிர்களே நடுவுயிர்கள். திராவிட மொழிகளில் இவை தோன்றுவதற்கு முதன்மைக் காரணம் அடுத்துவரும் வளைநா மெய். ட, ண, ள, ழ ஆகிய மெய்களை ஒலிக்க நாநுனி மேல்நோக்கி வளைந்து பின்னிழுக்கப்படும்போது, முன்நிற்கும் இகர எகரங்களும் பின்னோக்கி இழுக்கப்படுகின்றன. குடகு மொழியில் இந்நிகழ்வு தெளிவாகக் காணப்படுகிறது. தமிழில் 'கேள்' என்னும் சொல்லில் முன்னுயிராக உள்ள ஏகாரம், குடகில் நடுவுயிராக ஒலிக்கிறது. எமனோ 1970இல் குடகு உயிர்களைப் பற்றி எழுதிய கட்டுரை இதனை விளக்குகிறது.

இந்நிகழ்வு தமிழுக்குப் புறம்பானது எனக் கருதுவதற்கில்லை. பேச்சுத் தமிழில் இதழ் மெய்க்கும் வளைநா மெய்க்கும் இடையில் வரும் முன்னுயிர்கள் பின்னுயிர்களாகின்றன: பிடி > புடி, பெண் > பொண்ணு, வீடு > வூடு. பின்னிழுப்பும் இதழ்க்குவிவும் சேர்ந்ததன் விளைவு இது.

இதனினும் பழைமையான சான்று தமிழ்ச் சொற்களின் முதல் மெய்யில் உள்ளது. கன்னடத்தில் முன்னுயிருக்கு முன் ககரமாக நிற்கும் மெய், தமிழிலும் மலையாளத்திலும் சகரமாகியுள்ளது. கன்னடத்தில் 'கிவி' எனவும் 'கிறு' எனவும் 'கேரி' எனவும் வழங்குவன தமிழில் முறையே செவி, சிறு, சேரி என வழங்குகின்றன. ஆனால் கேள், கிளி, கிழங்கு, கீழ், கெடு, கிடை ஆகிய சொற்களில் ககரம் மாறாமல் நிற்கிறது. இவை அனைத்திலும் அடுத்த மெய் வளைநா மெய் என்பது நோக்கத்தக்கது. டி. பர்ரோ 1943இல் விளக்கிய இவ்விதியின் ஒலியியல் காரணம், வளைநா மெய்க்கு முன் இகர எகரங்கள் தம் முன்னுயிர்த் தன்மையை ஓரளவு இழந்திருந்தமையே எனலாம். முன்னுயிர்த் தன்மை இழந்த உயிருக்கு முன் ககரம் சகரமாக வேண்டிய தேவை எழவில்லை. ஆகவே இன்று இருளத்தில் கேட்கும் நடுவுயிர், தமிழின் மிகப் பழைய படிநிலை ஒன்றில் மாற்றொலியாகவேனும் இருந்திருக்க வேண்டும். தமிழ் அதனை இழந்து அதன் தடத்தை மட்டும் மெய்யில் வைத்திருக்கிறது. இருளம் உயிரையே வைத்திருக்கிறது.

இருளத்தின் தனித்தன்மை இவ்வுயிர்கள் ஒலியன் தகுதி பெற்றுள்ளமை. சூழலால் முன்னறியக்கூடிய உயிர்வேறுபாடு மாற்றொலி. சூழல் மறைந்த பின்னும் நிலைத்துப் பொருளை வேறுபடுத்துமாயின் அது ஒலியன். செருமன் மொழியில் இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு உண்டு. விருந்தினரைக் குறிக்கும் சொல்லின் பன்மையில் இறுதி இகரம் முதலுயிரின் நிறத்தை மாற்றியது. பின்னர் அவ்விகரம் தேய்ந்துபோக, நிறம் மாறிய உயிரே பன்மையின் அடையாளங்களுள் ஒன்றாயிற்று. நீலகிரிப் பகுதி மொழிகளிலும் இதனை ஒத்த போக்கு நிகழ்ந்துள்ளது. உயிரின் நிறத்தை மாற்றிய மெய்கள் மாறவும் மறையவும் பிற மொழிச் சொற்கள் புகவும், உயிரின் நிறம் தானே பொருள் வேறுபாட்டைத் தாங்கும் நிலை ஏற்பட்டது. இந்நிலையை அடைந்த மொழியில் நடுவுயிரை எழுதாமல் விடுவது, தமிழில் குறிலையும் நெடிலையும் வேறுபடுத்தாமல் எழுதுவதற்கு நிகரானது.

5. மூன்று எழுத்துப்பெயர்ப்பு மரபுகள்

இருளச் சொற்கள் இதுவரை எழுதப்பட்ட முறைகளை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, இனவரைவியலாரின் முறை. தர்ஸ்டனின் 1909ஆம் ஆண்டுத் தொகுதிகள் முதலாக இம்மரபு தொடர்கிறது. குலப்பெயர், சடங்கு, உறவுமுறை ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் ஆங்கில எழுத்தில், ஆங்கில வாசகர் செவிக்கேற்பத் தரப்பட்டன. 'முதுவான்' என்னும் பெயரின் தகரத்தைச் சிலர் 'த' ஒலி தோன்றவும் சிலர் 'ட' என்று படிக்கும்படியும் எழுதினர். அட்டப்பாடி இருளர் ஊர்களில் மூப்பனுக்கு அடுத்துப் பொறுப்பு வகிப்பவரின் பதவிப்பெயர் நூல்களில் 'வண்டாரி', 'பண்டாரி' எனப் பலவாறு காணப்படுகிறது. வடமொழி மூச்சொலி எழுத்திட்டு எழுதுவோரும் உளர். இவற்றுள் எது மக்கள் நாவில் உள்ள வடிவம், எது எழுதியவரின் சொற்பிறப்பியல் ஊகம் என்பதை அச்சுவடிவம் காட்டாது.

இரண்டாவது, மொழியியலாரின் முறை. உரோமன் எழுத்தின்மேல் இரட்டைப் புள்ளி முதலிய குறிகளை இட்டு எழுதுவது இது. சுவெலபில் தம் நூலின் தலைப்பிலேயே மொழியின் பெயரை இருவகையாகத் தந்தார். வழக்கில் உள்ள 'இருள' என்பது ஒன்று; பேசுவோர் ஒலிப்பதற்கிணங்க எகரத்தின்மேல் இரு புள்ளிகள் இட்டு எழுதியது மற்றொன்று. துல்லியத்தில் இம்முறைக்கு ஈடில்லை. ஆனால் இப்பனுவல்கள் ஆங்கில மொழிபெயர்ப்புடன் செருமனியில் அச்சாயின. தமிழிலோ மலையாளத்திலோ மட்டும் படிக்கத் தெரிந்த ஆசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும், எல்லாவற்றிற்கும் மேலாக இருளருக்கும், இவை எட்டாதவை. மக்களிடமிருந்து பெற்ற பனுவல் மக்களால் படிக்கவியலாத வடிவில் நிலைத்துவிட்டது என்பது இம்மரபின்மீது வைக்கத்தக்க நேர்மையான குறை.

மூன்றாவது, வெகுமக்கள் ஊடகத்தின் முறை. 2020இல் வெளிவந்த 'அய்யப்பனும் கோஷியும்' திரைப்படத்தில் அட்டப்பாடியைச் சேர்ந்த நஞ்சியம்மா பாடிய இருளப் பாடல் கேரளத்திலும் தமிழகத்திலும் பரவியது. 2022இல் அறிவிக்கப்பட்ட தேசியத் திரைப்பட விருதுகளில் அவர் சிறந்த பின்னணிப் பாடகி விருது பெற்றார். பரவலாகக் கேட்கப்பட்ட பாடலை மலையாள எழுத்திலும், அதனின்று தமிழ் எழுத்திலும் பலர் எழுதிப் படித்தனர். இவ்விரண்டாம் பெயர்ப்பில் இழப்பு இருமடங்காகிறது. மலையாளத்தில் சந்திரக்கலை என்னும் குறி, உயிரற்ற மெய்யையும் இறுதிக் குற்றுகரத்தையும் ஒருங்கே குறிக்கும். அதனைத் தமிழ்ப் புள்ளியாக மாற்றுவோர் 'பாலக்காட்', 'கோழிக்கோட்' என எழுதுவதை நாளிதழ்களில் காணலாம். நன்கறிந்த ஊர்ப்பெயரிலேயே ஓர் உயிர் இவ்வாறு தொலையுமாயின், கேட்டறியாத மொழியின் பாடலில் தொலைவது எவ்வளவு என்பதைக் கணிக்க இயலாது.

இம்மூன்றாம் மரபிலேயே ஒரு நல்ல முயற்சியும் தென்படுகிறது. பிரியநந்தனன் இயக்கத்தில் முழுவதும் இருள மொழியில் அமைந்து 2022இல் இந்தியப் பனோரமாவில் இடம்பெற்ற திரைப்படத்தின் தலைப்பிலுள்ள இரண்டாம் சொல், தமிழர் அறிந்த 'குருவி' என்பதே. மலையாளத்தில் அது 'க்யுருவி' என யகரம் இடையிட்டு எழுதப்பட்டது. ஆங்கிலத்தில் வழக்கமான ககர எழுத்து விலக்கப்பட்டு வேறோர் எழுத்து பயன்பட்டது. இருள உகரம் மலையாள உகரத்தினின்று நிறத்தில் வேறுபட்டது என்பதை உணர்ந்து, உயிருக்குக் குறி இல்லாத நிலையில் அவ்வேறுபாட்டை மெய்யின்மேல் ஏற்றிக் காட்ட முயன்றதன் விளைவு இது எனக் கருத இடமுண்டு. குறி பொருத்தமற்றது, யகரம் அங்கு ஒலிப்பதாகப் படிப்பவர் மயங்குவர். ஆயினும் வேறுபாட்டைக் கேட்ட செவி அங்குச் செயற்பட்டுள்ளது. அச்சொல்லைத் தமிழில் 'குருவி' என்று எழுதுபவர் பிழையேதும் செய்ததாக உணரமாட்டார்; ஆனால் எழுதியவுடன் அச்சொல் தமிழாகிவிடுகிறது.

6. எதனை எழுத வேண்டும்?

ஒலிக்கும் ஒவ்வொரு நுண்வேறுபாட்டையும் எழுத வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. இடுக்கி மாவட்டத்தின் இரு பெயர்கள் இவ்வரையறையை விளக்கும். 'இடுக்கி', 'இடமலைக்குடி' ஆகிய இரண்டும் மலையாள எழுத்திலும் தமிழ் எழுத்திலும் இகரத்திலேயே தொடங்குகின்றன. ஆங்கில எழுத்தில் முன்னது இகரமாகவும் பின்னது எகரமாகவும் எழுதப்படுகிறது. அடுத்த அசையில் அகரம் வரும்போது முதல் அசையின் இகரம் எகரமாகத் தாழ்ந்து ஒலிப்பதே காரணம். தமிழ்ப் பேச்சில் இலை 'எலை' ஆவதும் இடம் 'எடம்' ஆவதும் இதனைச் சார்ந்தனவே. 'இடுக்கி'யில் அடுத்த உயிர் உகரமாதலால் தாழ்வு இல்லை. இவ்வேறுபாடு சூழலால் முன்னறியத்தக்கது. மொழியை அறிந்தவர் இகரத்தைக் கண்டு எகரத்தை ஒலிப்பர். ஆங்கில எழுத்தில் அது எகரமாகக் காட்டப்பட்டது வேற்று மொழியாளர்க்குப் பயன்படலாம். அம்மொழி பேசுவோர்க்கு அதனால் பயனில்லை.

அரபி மொழி குற்றுயிர்களை வழக்கமாக எழுதுவதில்லை. படிப்பவர் அம்மொழியின் வேர்ச்சொல் அமைப்பை அறிந்தவர் ஆதலால் உயிர்களைத் தாமே நிரப்பிக்கொள்கிறார். எழுத்தின் குறைவை மொழியறிவு ஈடுசெய்கிறது. இருளத்தின் நிலை இதற்கு நேர்மாறு. இருளப் பனுவலை மலையாள எழுத்திலோ தமிழ் எழுத்திலோ படிப்பவர் பெரும்பாலும் இருளம் அறியாதவர். எழுத்தில் இல்லாததை நிரப்ப அவரிடம் உள்ளது தம் மொழியறிவு மட்டுமே. அதனால் நிரப்பப்படும் உயிர் தமிழுயிராகவோ மலையாள உயிராகவோ அமைகிறது.

எனவே அளவுகோல் இரண்டு. ஒன்று, வேறுபாடு சூழலால் முன்னறியத்தக்கதா என்பது. மற்றொன்று, படிப்பவர் அச்சூழலை அறிந்தவரா என்பது. முன்னறிய இயலாத வேறுபாடு எவர்க்காக எழுதினும் குறிக்கப்பட வேண்டும். முன்னறியத்தக்கது, மொழி அறியாதார்க்கு எழுதும்போது முன்னுரையில் விதியாகத் தரப்பட்டால் போதும். இவ்வளவுகோலை ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியே பயன்படுத்த வேண்டும். நீலகிரி இருளத்தின் முடிவை அட்டப்பாடி இருளத்திற்கு ஆராயாமல் ஏற்றுவதும், அட்டப்பாடியின் குறிகளை முதுவர் பேச்சுக்கோ மன்னான் பேச்சுக்கோ பழங்குடி மொழி என்னும் பொதுப்பெயரால் ஏற்றுவதும் பொருந்தா.

7. பிற எழுத்து முறைகள் தரும் சான்று

புதுக்குறி சேர்ப்பது எழுத்தின் இயல்பைக் கெடுக்கும் என்னும் தடை எழலாம். எழுத்து வரலாறு இதனை ஆதரிப்பதில்லை. ஆப்பிரிக்க-ஆசிய மொழிக் குடும்பத்தின் செமித்தியக் கிளையைச் சேர்ந்த ஆம்ஹாரிக் மொழி ஏழு உயிர்களை உடையது. அவற்றுள் இரண்டு நடுவுயிர்கள். அதன் எத்தியோப்பிய எழுத்து, மெய்யை மட்டும் எழுதிய பழைய செமித்திய மரபிலிருந்து வந்தது. கி.பி. 4ஆம் நூற்றாண்டளவில் எழுத்தின் வடிவை மாற்றி உயிர்களைக் காட்டும் முறை அதில் அமைந்தது. ஏழு உயிர்க்கும் ஏழு வரிசைகள் உள்ளன. நடுவுயிர்களும் தம் வரிசையைப் பெற்றுள்ளன. ஆறாம் வரிசை மட்டும் நடுவுயிரையும் உயிரின்மையையும் ஒருங்கே குறிக்கிறது. மலையாளச் சந்திரக்கலையின் இருபொருள்தன்மையை இது நினைவூட்டும். ஆம்ஹாரிக் பேசுவோர் இதனால் இடர்ப்படுவதில்லை என்பதும், வேற்றுமொழியினர் இடர்ப்படுகின்றனர் என்பதும் முன் பகுதியில் கூறிய அளவுகோலை உறுதிசெய்கின்றன.

கேரளத்திலும் தமிழகத்திலும் இதற்கு முன்மாதிரி உண்டு. மாப்பிள்ளை முஸ்லிம்கள் மலையாளத்தை அரபு எழுத்தில் எழுதிய அரபி-மலையாளமும், தமிழ் முஸ்லிம்களின் அர்வியும், அரபியில் இல்லாத திராவிட ஒலிகளுக்காகப் பழைய எழுத்துகளின்மேல் புள்ளியும் கோடும் இட்டுப் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டன. அரபு எழுத்தின் தூய்மை கெடும் என்று அம்மரபினர் ழகரத்தையும் ளகரத்தையும் விட்டுவிடவில்லை.

தமிழ் எழுத்தின் சொந்த வரலாறே வலுவான சான்று. குறில் எகர ஒகரங்கள் புள்ளி பெற்று நிற்கும் என்று தொல்காப்பியம் கூறுகிறது. குற்றியலுகரமும் புள்ளி பெறும் என்று அதன் நூற்பாவொன்றுக்கு உரையாசிரியர் பொருள் கொண்டுள்ளனர். அதாவது, உயிரின் அளவிலோ இயல்பிலோ உள்ள வேறுபாட்டைப் புள்ளியால் காட்டுவது தமிழ் இலக்கண மரபிற்குள்ளேயே இருந்தது. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டை எழுதும் முறையை 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் மாற்றியமைத்தபோது அப்புள்ளி தேவையற்றுப் போயிற்று. இருள நடுவுயிர்க்கு உயிரின்மேல் அல்லது உயிர்மெய்யின்மேல் ஒரு புள்ளி இடுவது, கைவிடப்பட்ட ஒரு கருவியை மீண்டும் பயன்படுத்துவதே ஆகும். மலையாள எழுத்திலும் இதற்கு இணையான குறி அமைக்கலாம். இரு எழுத்திலும் ஒரே குறி ஒரே ஒலியைக் காட்டுமாயின், எல்லையின் இருபுறத்து இருளரும் ஒருவர் எழுதியதை மற்றவர் பயன்படுத்த வழி ஏற்படும்.

8. மொழிபெயர்ப்பும் பள்ளியும்

மொழிபெயர்ப்பாளர்க்கு இச்சிக்கல் நடைமுறைச் சார்புடையது. இருளப் பாடலொன்றைத் தமிழில் பெயர்ப்பவர், தமிழ் எழுத்தில் அதனைக் கண்டவுடன் பாதிச் சொற்களைப் புரிந்துகொண்டதாக எண்ணுகிறார். இன எழுத்துகளும் உறவுச் சொற்களும் இவ்வெண்ணத்தை வலுப்படுத்துகின்றன. இந்நிலையில் நடைபெறுவது மொழிபெயர்ப்பாகாமல், சொல்லுக்குச் சொல் தமிழ்ப்படுத்தும் திருத்தமாக முடிகிறது. நெருங்கிய உறவுடைய மொழிகளுக்கிடையே பெயர்ப்பவர் எதிர்கொள்ளும் பெரும் இடர் புரியாமையன்று, புரிந்ததுபோன்ற தோற்றமே. நடுவுயிர்க்கு இட்ட ஒரு புள்ளி, இச்சொல் தமிழன்று என்பதை ஒவ்வொரு வரியிலும் பெயர்ப்பவர்க்கு நினைவூட்டும். ஒலிப்பதிவைக் கேட்காமல் அச்சுவடிவத்தை மட்டும் கொண்டு பெயர்ப்பதைத் தவிர்ப்பதும், மூலத்தை எழுதியவர் யார், எந்த எழுத்திலிருந்து எடுத்தது என்பதைக் குறிப்பதும் குறைந்தபட்சக் கடமைகளாகக் கொள்ளப்பட வேண்டும்.

பள்ளியில் இதன் விளைவு இன்னும் கூர்மையானது. 2017இல் கேரளத்தில் இயற்றப்பட்ட சட்டம் பத்தாம் வகுப்பு வரை மலையாளம் கற்பித்தலைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டில் வயநாட்டில் பழங்குடியினருள்ளிருந்தே துணையாசிரியர்களை அமர்த்தும் 'கோத்ரபந்து' திட்டம் தொடங்கப்பட்டுப் பின்னர் அட்டப்பாடிக்கும் விரிவாக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, தொடக்கக் கல்வியில் இயன்றவரை வீட்டுமொழியைப் பயன்படுத்தப் பரிந்துரைத்தது. வீட்டுமொழியைப் பயன்படுத்த வேண்டுமாயின் அதனை எழுத வேண்டும். கரும்பலகையில் மலையாள உகரத்தைக் கண்டு இருள உகரத்தை ஒலிக்கும் குழந்தை, தன் மொழியைச் சரியாகவே ஒலிக்கிறது. எழுத்தை மட்டும் அறிந்த ஆசிரியர் செவியில் அது திருத்தப்பட வேண்டிய உச்சரிப்பாகிறது. ஒலியனாக உள்ள ஒன்றைப் பிழையாகத் திருத்தும் இடத்தில், குழந்தை முதலில் கற்பது வாய்மூடி இருத்தலையே. துணையாசிரியர் அக்குழந்தையின் மொழியைப் பேசுபவர் என்பது பெரும்பயன். அவர் பேசுவதை எழுதிக் காட்ட ஒரு முறை இருந்தால் அப்பயன் பாடநூலிலும் நிலைக்கும்.

9. முடிவுரை

நடுவுயிர்கள் இருப்பதால் மட்டுமே இருளம் தனிமொழி ஆகிவிடாது. மொழி உறவு பல்வேறு புதுமாற்றங்களை ஒருங்கே நோக்கித் துணியப்பட வேண்டியது. குடகிலும் பேச்சுத் தமிழிலும் ஒத்த போக்குகள் காணப்படுவதே இதற்குச் சான்று. இக்கட்டுரை வலியுறுத்துவது அதற்கு முற்பட்ட ஒரு நிபந்தனை. ஒரு மொழியின் உறவை ஆராயப் பயன்படும் தரவு, அம்மொழியின் ஒலியன்களை முழுமையாகக் காட்டுவதாக இருக்க வேண்டும். தமிழ், மலையாள எழுத்துகளில் இன்று வழங்கும் இருளப் பதிவுகள் இந்நிபந்தனையை நிறைவு செய்யவில்லை. உரோமன் எழுத்துப் பதிவுகள் நிறைவு செய்கின்றன. ஆனால் அவை பேசுவோரிடம் சென்றடையவில்லை.

இவ்விரு நிலைகளையும் இணைப்பதே அடுத்த பணி. சுவெலபிலும் பெரியாழ்வாரும் பதிவுசெய்த சொற்களை அட்டப்பாடி ஊர்களில் மீண்டும் கேட்டு, ஓரொலி மட்டும் வேறுபடும் சொல்லிணைகளைத் தொகுத்து, எந்த உயிர்களுக்குக் குறி தேவை என்பதைப் பேசுவோருடன் சேர்ந்து முடிவு செய்தல் வேண்டும். முதுவர், மன்னான், முடுகர் பேச்சுகளுக்கும் இம்முறையே தனித்தனியே பின்பற்றத்தக்கது. தேவைப்படும் குறி ஒரு புள்ளியளவே. அப்புள்ளி இடப்படும் வரையில், கணக்கெடுப்பு அட்டவணையில் இருளம் எந்தத் தலைப்பின்கீழ் நின்றாலும், அதற்கு ஆதரவாகக் காட்டப்படும் எழுத்துச் சான்று எழுதியவரின் மொழியையே காட்டும்.